பேசாத பொம்மையிடம் பார்க்க வேண்டியது

தீம் பார்க் நிகழ்ச்சிகளில் மனிதராகவும் பறவையாகவும் பூதமாகவும் வந்து, ஒலிப்பதிவுக்கு ஏற்ப வாயசைத்துக் கையாட்டும் இயந்திர உருவங்கள் அனிமேட்ரானிக் பொம்மைகள் எனப்படுகின்றன. இவற்றை வைத்து முழு நிகழ்ச்சி நடத்தும் வழக்கம் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1963 ஜூன் மாதம் திறக்கப்பட்ட ‘என்சான்டட் டிக்கி ரூம்’ அரங்கில் வேரூன்றியது. கூரையிலிருந்து தொங்கும் கிளிகளும் பூக்களும் அங்கே பாடுகின்றன.

அந்தக் கிளிகளின் ஆரம்பகாலப் பொறியமைப்பு எளிமையானது. காந்த நாடாவில் பாட்டோடு சேர்த்து, பார்வையாளர் காதுக்கு எட்டாத தனித் தடத்தில் சில ஸ்வர ஒலிகளும் பதிவாகியிருந்தன. குறிப்பிட்ட ஒலி வந்ததும் அதற்குரிய உலோக நாக்கு அதிர்ந்து ஒரு ரிலேயை இயக்கும், வால்வு திறக்கும், அழுத்தக் காற்று குழாய் வழியே பாய்ந்து அலகைத் திறக்கும். இந்த முறையில் அலகுக்குத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே தெரியும், அரைகுறையாகத் திறக்கத் தெரியாது. உண்மையில் கிளிக்கு உயிர் கொடுத்தது அலகு அல்ல, மார்பு. மூச்சு வாங்குவதுபோல் மார்பு விம்மும்போது மேல்துணி சுருக்கம் விழாமல் நெகிழ வேண்டும். வால்ட் டிஸ்னி அணிந்திருந்த காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டரின் முழங்கைப் பகுதி மடங்கி விரிவதைக் கண்டு அந்தத் துணியையே தேர்ந்ததாக, வடிவமைப்பாளர் ஹாரியட் பர்ன்ஸ் சொல்லியிருக்கிறார்.

மனித உருவம் இதைவிடப் பெரிய சோதனை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இல்லினாய் மாநில அரங்கின் ஆபிரகாம் லிங்கன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று உரையாற்றினார். லிங்கனின் முகத்திலிருந்து 1860இல் நேரடியாக எடுக்கப்பட்ட வார்ப்பை வைத்துச் சிற்பி பிளெய்ன் கிப்சன் அந்த முகத்தைச் செய்தார். முகம் அச்சாக அமைந்தாலும், பார்த்தவர்களை அசத்தியது அந்த எழுந்து நிற்கும் கணம்தான். உடல் எடையை முன்னுக்குத் தள்ளி, கையை ஊன்றி, கால்களின் மேல் ஏற்றுவதற்குக் காற்றழுத்தம் போதாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் உருளைகள் தேவை. அந்த எண்ணெய்க் குழாய்களும் மின்கம்பிகளும் மேடைக்கு அடியிலிருந்து பாதங்கள் வழியாகவே மேலேறுகின்றன. ஆகவே இந்த வகைப் பொம்மைகள் பெரும்பாலும் நடப்பதில்லை. பீப்பாயில் சாய்ந்தோ, மேசைக்குப் பின்னால் அமர்ந்தோ, மதுக்கோப்பையோடு சரிந்து கிடந்தோ காட்சி தருவதற்கு இதுவே காரணம். நடக்காத குறையை மறைக்கும் இந்த உபாயத்தைக் கண்டுகொள்வதே ரசனையின் முதல் படி.

அடுத்தது, அசைவு நிற்கும் இடம். கனமான உலோகக் கை வேகமாக வீசி நிற்கும்போது உடல் முழுக்க அதிரும். உயிருள்ள கை அப்படி அதிராது. அதிர்வுக்கு அஞ்சியே பழைய பொம்மைகளை மெதுவாக இயக்கினார்கள். அவற்றின் தூக்கக் கலக்கமான சாயல் அங்கிருந்து வந்தது. 1989இல் ஃப்ளோரிடாவின் ‘கிரேட் மூவி ரைடு’க்குச் செய்யப்பட்ட, திரைப்படப் பாத்திரமான மேற்குத்திசைச் சூனியக்காரியின் மூட்டுகள் சற்றே விட்டுக்கொடுத்து அதிர்ச்சியை உள்வாங்கும்படி அமைந்தன. அவள் சட்டென்று திரும்பிக் கை நீட்டிய விதத்தில் அந்த வித்தியாசம் வெளிப்பட்டது. 2017இல் வந்த ‘நாவி ரிவர் ஜர்னி’ சவாரியின் பாடும் பூசாரினி எண்ணெயை விட்டு மின்மோட்டாருக்கு மாறியவள். விரல், தோள், முகம் மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வழுக்கிச் செல்வது அங்கே பார்க்க வேண்டியது.

அசைவுகளை எழுதுவது தனிக் கலை. உலகக் கண்காட்சிக் காலத்தில் வாதெல் ராஜர்ஸ் என்ற கலைஞர் உடம்பில் ஒரு சட்டகத்தை மாட்டிக்கொண்டு தாமே நடித்தார். அந்த அசைவுகள் பொம்மைக்குப் போயின. பின்னர் கணினி வந்தது. கழுத்துக்கு ஒரு முறை, இமைக்கு ஒரு முறை என்று மூட்டு மூட்டாகப் பதிவு செய்து அடுக்குகிறார்கள். நல்ல புரோகிராமரின் கைவரிசை வரிசையில் தெரியும்: கண் முதலில் திரும்பும், தலை பின்தொடரும், தோள் கடைசியில் வரும். மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பினால் அது இயந்திரம்தான்.

மேடைப் பொம்மைக்கும் சவாரிப் பொம்மைக்கும் அளவுகோல் ஒன்றல்ல. 1967இன் ‘பைரட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ சவாரியில் படகு ஒரு கொள்ளையனைச் சில நொடிகளில் கடந்துவிடும். அதற்குள் ஆள் எப்படிப்பட்டவன் என்று புரிய வேண்டுமென்பதால் மூக்கும் தாடையும் மிகைப்படுத்தப்பட்டன. அவன் அசைவும் சுருக்கமானது, திரும்பத் திரும்ப வருவது. அதைக் குறையாகக் கொள்வது நியாயமல்ல. மாறாக ஃப்ளோரிடாவில் 1971இல் தொடங்கிய ‘ஹால் ஆஃப் பிரசிடென்ட்ஸ்’ மேடையில் அமெரிக்க அதிபர்கள் வரிசையாக இருக்கிறார்கள். கூட்டம் பேசுபவரையே பார்க்கும். பார்க்க வேண்டியவர்கள் பேசாதவர்கள். ஒருவர் தலையசைக்கிறார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சாய்கிறார், ஒருவர் இடம் கொள்ளாமல் நெளிகிறார். முழு நிகழ்ச்சியிலும் மிக நுணுக்கமான வேலை அதுவே.

ஒளியும் இதில் பங்காளி. 2006இல் ஃப்ளோரிடாவின் ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ சவாரியில் வைக்கப்பட்ட ராட்சதப் பனிமனிதனின் இயக்கம் வெகு சீக்கிரத்தில் நிறுத்தப்பட்டது. அதன்பின் மின்னி அணையும் விளக்கு, அசையாத உருவத்தை அசைவதாகக் காட்டியது.

முகத்தின் மேல் ப்ரொஜெக்டரால் உயிர்ப்படம் பாய்ச்சுவது இன்னொரு வழி. 2016இல் ஃப்ளோரிடாவின் ‘ஃப்ரோசன் எவர் ஆஃப்டர்’ அதையே கையாண்டது. உதடும் புருவமும் திரைப்படத்தில் இருந்தவாறே நெகிழ்ந்தன. ஆனால் இருட்டில் முகம் மட்டும் விளக்குப்போல் ஒளிர்ந்து கழுத்திலிருந்து பிரிந்து நின்றது. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 2023 நவம்பரில் திறந்த அதே சவாரியில் முகங்கள் மீண்டும் இயந்திரத்தால் அசைகின்றன. அங்குள்ள கதாநாயகி எல்சாவே மேல்.