மலை வெளியே வந்திருக்கு

நம் பயணக் கட்டுரைகளில் மலை வந்துவிட்டால் போதும், எழுதுகிறவர் பேச்சற்றுப் போய்விடுவார். அப்புறம் பேச்சற்றுப் போனதைப் பற்றி நான்கு பத்தி எழுதுவார். கண்கொள்ளாக் காட்சி, பிரபஞ்சத்தின் முன் நான் ஒரு துகள் வகையறா. எனக்கு இதில் ஒரே சிக்கல்தான். மலையை யாரும் சும்மா பார்ப்பதில்லை. யாரோ நம்மை ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரு திசையில் திருப்பி, இதோ பார் என்று காட்டிய பிறகுதான் பார்க்கிறோம். அந்த ‘யாரோ’வைக் கேட்காத எழுத்து என்னதான் அழகாக இருந்தாலும் எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

சியாட்டில் நகரத்தின் வாலண்டியர் பூங்காவுக்குப் போய்வந்ததிலிருந்து இந்த எண்ணம் விடாமல் கூடவே இருக்கிறது. பூங்காவின் தெற்கு முனையில் 1906இல் கட்டிய ஒரு வாட்டர் டேங்க். 75 அடி உயரம். வெளியே செங்கல் சுவர், உள்ளே எஃகுத் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் வளைந்து ஏறும் நூற்றுச் சொச்சம் படிகள். கட்டணம் கிடையாது. மேலே போனால் சுற்றிலும் வளைவு ஜன்னல்கள், கம்பி வலை. பூங்காவை வடிவமைத்த ஓம்ஸ்டெட் சகோதரர்களைப் பற்றிய கண்காட்சியும் அங்கே இருக்கிறது. மேற்கே ஒலிம்பிக் மலைத்தொடர், கிழக்கே காஸ்கேட், தெற்கே தள்டி தனியாக, பனி போர்த்திய ரெய்னியர். 14,410 அடி. மேகம் விலகி அது தெரிகிற நாளில் ஊர்க்காரர்கள் ‘மலை வெளியே வந்திருக்கு’ என்பார்கள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் திண்ணைக்கு வந்ததைச் சொல்வதுபோல. எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது.

ஆனால் கோபுரம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி. எல்லாம் உனக்குத்தான், எடுத்துக்கொள் என்கிறது. பூங்காவின் பெயருமே அப்படி, கேள்வியில்லாமல் காதில் விழுந்து போய்விடும். வாலண்டியர் என்றால் ஏதோ சமூக சேவை என்றுதான் முதலில் தோன்றும். 1898 ஸ்பானிய அமெரிக்கப் போருக்குப் போன தன்னார்வப் படையினரின் நினைவாக 1901இல் வைத்த பெயர் அது. வாஷிங்டன் மாநிலத்து வாலண்டியர்கள் போய்ச் சண்டையிட்டது பிலிப்பைன்ஸில், 1899இல், தங்கள் நாட்டின் விடுதலைக்காக நின்ற பிலிப்பினோக்களோடு.

கோபுரத்திலிருந்து இறங்கிக் கொஞ்சம் வடக்கே நடந்தால், ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு எதிரே இசாமு நொகுச்சியின் ‘கறுப்புச் சூரியன்’ நிற்கிறது. 1969இல் வைத்தது. ஒன்பது அடி விட்டத்தில் பிரேசில் கருங்கல் வளையம், நடுவில் ஒரு துளை. துளை வழியே மேற்கே பார்த்தால் ஸ்பேஸ் நீடில் கோபுரம் கச்சிதமாகத் தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கல் வெறும் போட்டோ ஃப்ரேம் ஆகிவிடுகிறது. கொஞ்சம் பொறுத்துப் பக்கவாட்டில் போய் நின்றால்தான் அதன் மேடுபள்ளங்கள் தெரிகின்றன. சில இடங்களில் எண்ணெய் தடவிய அம்மிபோல் வழவழப்பு. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, எந்த இடத்திலும் ஒரே கனமாக இல்லாத வளையம். இரண்டடி நகர்ந்தால் துளைக்குள்ளிருந்து கோபுரம் போய்விடும், வேறு ஏதாவது வரும். மறுபக்கம் போய்ப் பார்த்தால் அருங்காட்சியகத்தின் முகப்பு. நீ நிற்கும் இடம்தான் உனக்குத் தெரியும் காட்சி என்று வாட்டர் டேங்க் சொல்லாததை இந்தக் கல் சொல்கிறது. அதனால்தான் இரண்டில் இதையே பெரிய படைப்பு என்பேன்.

நொகுச்சியின் அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். 1942இல் மேற்குக் கரை ஜப்பானிய அமெரிக்கர்களை அரசு முகாம்களில் அடைத்தபோது அவர் நியூயார்க்வாசி. அந்த ஆணை அவரைத் தொடவில்லை. இருந்தும் அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்குத் தானாகவே போனார். உள்ளே பூங்காக்கள் அமைக்கத் திட்டம் வரைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வர நினைத்தபோது உடனே விடவும் இல்லை, சில மாதங்கள் ஆயின. அதே ஆண்டு சியாட்டில் ஜப்பானியர்களை முதலில் அடைத்தது தெற்கே புயாலப் என்ற ஊரின் சந்தைத் திடலில். அந்த முகாமுக்கு வைத்த பெயர் ‘கேம்ப் ஹார்மனி’, இணக்கமாம். ரெய்னியர் மலை சியாட்டிலைவிட அந்த ஊருக்குப் பக்கம். அங்கே யாராவது ‘மலை வெளியே வந்திருக்கு’ என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

சரி, ரெய்னியர் யார்? 1792இல் இந்தக் கடலுக்கு வந்த ஜார்ஜ் வான்கூவர், தூரத்தில் தெரிந்த மலைக்குத் தன் கடற்படை நண்பர் பீட்டர் ரெய்னியரின் பெயரை வைத்தார். அந்த ரெய்னியரின் வாழ்க்கை நடந்தது நம் பக்கம். 1782-83இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர்க் கடல்களில் பிரெஞ்சுக் கப்பல்களோடு நடந்த சண்டைகளில் ‘பர்ஃபோர்ட்’ போர்க்கப்பலின் தலைவர். 1795இல் டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த படையின் கடற்தளபதியும் அவரே. தன் பெயர் தாங்கிய மலையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இது தெரிந்தபிறகு அந்தத் தெற்கு ஜன்னலில் நின்று துகளாக உணர என்னால் முடியவில்லை. பனி மலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைச் சொன்னதும் கோணேசர் கோயில் பாறைக்குக் கீழே இருக்கும் கோட்டையும் கூடவே வந்துவிடுகிறது. காட்சி கெட்டுவிட்டதா என்றால் இல்லை, எனக்கு அது நெருக்கமாகிவிட்டது. எங்கள் ஊர்க் கடலைச் சுட்டவனின் பெயரை இன்னொருவரின் மலைமேல் பார்க்கிற நெருக்கம்.

மலைக்குத் தகோமா என்ற பழைய பெயர் உண்டு, அங்கேயே பிறந்து வாழும் மக்களின் மொழிகளிலிருந்து வந்தது. பக்கத்து நகரமான டகோமா அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது, மலைக்கும் அதையே வைக்கச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் பல வருஷம் மல்லுக்கட்டினார்கள். 1890இல் அமெரிக்க நிலப்பெயர் வாரியம் ரெய்னியர் என்றே முடிவுசெய்தது. வரைபடத்தில் இன்றைக்கும் அதுதான்.