கோபுரம் மறுக்கப்பட்ட ஆலயம்

ஒரு சபையின் மேன்மையை அதன் ஆலயக் கோபுரத்தின் உயரத்தால் அளக்கும் வழக்கம் நம் நாட்டுப்புறச் சபைகளிலும் வேரூன்றி வருகிறது. இவ்வளவுகோல் சரியானதா என்று சோதித்தறிய, கோபுரமே மறுக்கப்பட்ட ஓர் ஆலயத்தை ஆராய்தல் நலம். சுலோவாக்கிய நாட்டின் ஹ்ரோன்செக் என்னும் சிற்றூரில் 1726இல் கட்டி முடிக்கப்பட்ட லுத்தரன் மர ஆலயமே அது.

அந்நாளில் அப்பகுதி ஹங்கேரி அரசுக்கு உட்பட்டிருந்தது. 1681இல் சோப்ரோன் நகரில் கூடிய மன்றம் சீர்திருத்தத் திருச்சபையாருக்குக் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே ஆலயம் எழுப்ப இசைவளித்தது. அவ்விசைவின்கீழ் எழுந்தவை பெரும்பாலும் ஊரின் ஓரத்தில், மரத்தால், கோபுரமின்றி அமைந்தன. நிலைத்து நிற்கலாகாது என்ற எண்ணமே இக்கட்டுப்பாடுகளுக்கு உள்ளுறையாய் இருந்தது எனலாம்.

ஆயினும் ஹ்ரோன்செக் நிலைத்தது. இளம்பிள்ளை நெசவாளர் இல்லங்களில் தறிச்சட்டத்தைக் கண்டவர்க்கு அதன் கட்டுமானம் எளிதில் விளங்கும். ஒரு மரத்தின் முனையை மற்றொன்றின் துளையில் செருகி இறுக்கும் தச்சு முறையே இரண்டிற்கும் அடிப்படை. ஒவ்வொரு மரமும் மற்றொன்றைத் தாங்குகிறது. சிலுவை வடிவான அவ்வாலயத்தில் ஏறக்குறைய 1,100 பேர் அமரலாம். மணிக்கூண்டு ஆலயத்தோடு இணையாமல் தனியே நிற்கிறது. திருவசனத்தைக் கேட்பதற்கே கூடிய சபை என்பதை உள்ளமைப்பே அறிவிக்கிறது.

இதனோடு நம் தரங்கம்பாடியை ஒப்பிட்டு நோக்குவோம். சீகன்பால்க் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதுவும் லுத்தரன் ஆலயமே; அதுவும் சிலுவை வடிவமே. ஆனால் அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. எட்டே ஆண்டு இடைவெளியில், ஒரே விசுவாச அறிக்கை ஓரிடத்தில் அரச ஆதரவையும் மற்றோரிடத்தில் அரச தடையையும் பெற்றது. அரச முத்திரை தாங்கிய அவ்வாலயத்திலும் சாதி வேற்றுமை இருக்கைகளைப் பிரித்து வைத்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. சுவர் உறுதியாயிருந்தது, சபையின் பொருத்தோ தளர்ந்திருந்தது.

எனினும் ஹ்ரோன்செக்கை அழகுப் பொருளாக மட்டும் போற்றுவது பிழை. 2008இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இன்று நாம் வியக்கும் எளிமை அச்சபையார் விரும்பி ஏற்றதன்று, அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. ஒடுக்குதலை எழிலெனப் பாராட்டினால், ஒடுக்குண்டோரின் வேதனையை மறந்தவர்களாவோம்.

கரையான் மிகுந்த சேலத்துச் சமவெளியில் மர ஆலயம் கட்டுமாறு கூறுவது நம் கருத்தன்று. கட்டிடக் குழுவினர் வரைபடத்தை விரிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுண்டு: கடைசி வரிசையில் அமரும் ஏழைக்கும் திருவசனம் தெளிவாய்க் கேட்குமா? அவரை அவ்வரிசையில் அமர்த்தியது எது? இவற்றிற்கு விடை கண்ட பின்னர்க் கோபுரத்தைப் பற்றிப் பேசலாம்.