வானம் யார் உடைமை?

ஏர் பிடித்த உரோமாபுரி உழவன் வானைப் படித்தான். கார்த்திகை மீன்கள் விடியலிலே மேற்கில் மறைந்த பின்னரே கோதுமை விதைத்தான். அது பட்டறிவு தந்த பாடம். ஆனால், ஆண்டிலே ஒரு திங்களைக் கூட்டுவதா வேண்டாமா என்று கூறும் உரிமை குருமார்களிடமே இருந்தது! வேண்டியவர் பதவியிலிருந்தால் ஆண்டு நீண்டது. வேண்டாதவர் இருந்தால் சுருங்கிற்று. விளைவு? அறுவடைத் திருவிழா கோடையிலே வரவில்லை. அலெக்சாந்திரிய வானியலறிஞர் சோசிஜெனிசின் துணையோடு, கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாட்களாக நீட்டித்தான் ஜூலியஸ் சீசர் அந்தப் பிழையைத் திருத்தினார்.

இந்தப் பின்னணியை மறவாமல், கி.மு. 44இல் சிசரோ நிமித்தம் பற்றி எழுதிய நூலை எடைபோட வேண்டும். சோதிடத்தை அவர் சாடும் இடம் சாட்டையடி. கி.மு. 216இல் கன்னே போர்க்களத்திலே மாண்டவர் அனைவருக்கும் சாதகம் ஒன்றுதானா என்று கேட்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும், சோதிடர் எவரும் நேர்நின்று விடையிறுக்க இயலாத கேள்வி அது!

ஆயினும், அதே சிசரோ பறவை பறப்பதைப் பார்த்துக் குறி கூறும் குழுவின் உறுப்பினர். அக்குறியிலே வருங்காலம் தெரியாது என்று வாதாடிய அதே நூலிலே, மக்களின் நம்பிக்கையை முன்னிட்டும் அரசின் நலன் கருதியும் அந்தச் சடங்கு நீடிக்கட்டும் என்கிறார். அறிவு ஏட்டிலே, சடங்கு நாட்டிலே! பகுத்தறிவு படித்தவனுக்கு, பயபக்தி பாமரனுக்கு என்று பங்கு பிரிப்பதன்றோ இது? நூலின் பெருங்குறை இதுவே.

அவருக்கு முன்பே, கி.மு. 304இல், நேயஸ் ஃபிளேவியஸ் என்றொருவன் இருந்தான். அடிமைத்தளை நீங்கியவனின் மகன். அவன் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பொறாத பிரபுக்கள் தம் பொன் மோதிரங்களைக் கழற்றி வைத்தனர் என்கிறார் லிவி. அவன் தத்துவ நூல் யாத்தானில்லை. எந்த நாளில் வழக்காடலாம் என்று குருமார் மறைத்து வைத்திருந்த நாட்கணக்கை வெண்பலகையிலே எழுதி, ஊர்ப் பொதுமன்றத்திலே வைத்தான். அன்றுமுதல், நாள் கேட்டுக் குருமார் வாயிலிலே நிற்கும் நிலை ஒழிந்தது.

சிசரோவைப் படியுங்கள், வாதத்திறம் வளரும். ஆனால், அறிந்ததை அனைவர்க்கும் உரைக்கும் துணிவு வேண்டுமா? அந்த வெண்பலகையை எண்ணிப் பாருங்கள்!