பதில் சொல்லாத நிலா

போன வருடம் செமினியில் மாமா மகள் கல்யாணம். டேவானில் கித்தார் பிடித்த பையன் ‘என் இனிய பொன் நிலாவே’ ஆரம்பித்ததும் தாத்தாக்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை முணுமுணுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் என் காதில், “டேய், அவளக் கடத்திட்டு வந்து வச்சிக்கிட்டுத்தானே அவன் இதப் பாடுவான்? கல்யாணத்துல போயி பாடுறாங்களே” என்றார்.

அன்றிரவு ‘மூடுபனி’யை மறுபடியும் பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான். 1980இல் வந்த பாலு மகேந்திரா படம், இளையராஜாவுக்கு 100ஆவது. பிரதாப் போத்தன் கொலைகாரன். தான் கடத்தி வந்த ஷோபாவுக்காகத்தான் பாடுகிறான்.

அப்படியிருந்தும் நாற்பது வருடம் தாண்டி இந்தப் பாட்டு ஏன் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது? யேசுதாஸின் குரலில் மிரட்டலே இல்லை என்பது எளிய பதில். எனக்கு அது போதவில்லை. நம் சினிமாக் காதல் பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு பெண் குரல் பதில் சொல்லும். இதில் இல்லை. கங்கை அமரனின் வரிகளை முழுக்க ஒருவனே பாடி முடிக்கிறான். பதில் வராத அந்தக் காலி இடத்தில் நமக்குப் பிடித்தவரை நாம் உட்கார வைத்துக்கொள்கிறோம்.

எட்டா ஜேம்ஸ் 1967இல் பாடிய ‘ஐட் ராதர் கோ பிளைண்ட்’ என்ற சோல் புளூஸ் பாட்டும் ஒற்றைக் குரல்தான். ஆனால் அதில் பாடுகிறவள், காதலன் இன்னொருத்தியோடு பேசுவதைப் பார்த்துவிட்டவள். அவன் தன் விருப்பப்படி போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். வலியே அதுதான். நம்ம பாட்டில் பாடுகிறவன் எதிரில் இருப்பவளைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு அவள் மனுஷி இல்லை, நிலா. நிலாவுக்குப் பயம் வராது. ‘வேண்டாம்’ என்று சொல்லாது. இந்தப் பாட்டின் அழகும் கோளாறும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

படம் திரைக்கு வந்தபோது ஷோபா உயிரோடு இல்லை. அதே ஆண்டு மே மாதம் இறந்துபோயிருந்தார். அதனால் அந்த மௌனம் இன்னும் கனக்கிறது.

பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. காஜாங் ஜேமில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வானொலியில் வந்தால் நானும் சத்தத்தைக் கூட்டத்தான் செய்வேன். ஆனால் ஒரு தடவையாவது படத்தோடு பாருங்கள். அந்த நேரம் ஷோபாவின் முகத்தைக் கவனியுங்கள்.