பக்கியின் முத்தாய்ப்பு

பக்கி என்ற இராப்பறவை எத்தனை மணிக்குப் பாட ஆரம்பித்தது என்று எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது நாற்பது, ஒன்பது நாற்பத்து மூன்று என்று நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு. எனக்கு அது கச்சேரிக்குப் போய் வர்ணம் முடிந்ததும் எழுந்து வருகிற மாதிரி. ஆரம்பிப்பதில் பக்கிக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சூரியன் இறங்கி அரை மணி ஆனால் தானாக ஆரம்பித்துவிடும். எப்படி முடித்தது என்று சொல்லுங்கள், நின்று கேட்கிறேன்.

தென் இங்கிலாந்தில், பூல் துறைமுகத்துத் தென்கரையில் பதினான்கு கோடைகளாக நான் கேட்டுவருவது இந்த ஒன்றைத்தான். மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூன் கடைசி வரை. அதற்கு முன்னால் போனால் வந்து சேர்ந்த களைப்பில் அரைகுறையாகப் பாடும். ஆப்பிரிக்காவின் தென்பாதியிலிருந்து வருகிற உடம்பு, குறை சொல்ல முடியாது. ஜூலையில் போனால் குஞ்சுக் கவலை வந்திருக்கும். நடுவில் இருக்கிற ஐந்தாறு வாரம்தான் சீசன்.

ஹார்ட்லண்ட் மூரை ஒட்டி ஒரு ஒற்றைச் சாலை போகிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கினால், முதலில் வருவது கோர்ஸ் பூவின் வாசனை. தேங்காய் எண்ணெய் வாசனை அது, சந்தேகமே இல்லை. இங்கிலாந்தில் ஒரு முட்புதருக்குள்ளிருந்து என் பாட்டியின் தலை வாசனை வருவதற்கு இத்தனை வருஷத்தில் பழகிவிட்டேன், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். மேற்கே சிவப்பு வடிய வடிய, கார்ஃப் கோட்டையின் இடிந்த சுவர் கறுப்பாகும். துறைமுகத்துச் சேற்றிலிருந்து குதிரைமலைக் கோட்டானின் நீண்ட விசில். பகலில் சூடேறிய மணல் மெதுவாக ஆறும். அப்புறம் எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், அந்த உருட்டல்.

ராட்டை என்பார்கள், மோட்டார் என்பார்கள். இரண்டும் இல்லை. என் அப்பா தையல்காரர். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் இரவு முழுக்க உஷா மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். ஒற்றைத் துணியில் ஊசி ஓடும்போது ஒரு சுருதி. மடிப்பு வந்ததும் சத்தம் கனத்து ஒரு படி கீழே இறங்கும். மடிப்பைத் தாண்டியதும் மறுபடி மேலே. பக்கியும் அதேதான்: மேலே சில விநாடி, கீழே சில விநாடி, நடுவில் மூச்சுவிடுகிற இடைவெளி தெரியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் பாடுகிறது, வெளியே விடும்போதும் பாடுகிறது. சுருதி மாறுவது அதனால்தான் என்கிறார்கள். நிமிடத்துக்கு 1900 தட்டு வரை போகும் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு போகட்டும். அந்தச் சுருதி இறங்குகிற இடத்தில் காலப்பிரமாணம் இம்மிகூடத் தளராமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். நல்ல பக்கி அங்கே தெரிந்துவிடும்.

ஆனால் அதுகூட இரண்டாம் பட்சம். முத்தாய்ப்புக்கு வருகிறேன்.

முடிவுகள் மூன்று விதம். முதலாவது சும்மா நிறுத்திவிடுவது. நாய் வந்தது, கார் விளக்கு விழுந்தது, பூச்சி பறந்தது, ஏதோ ஒன்று. பெரும்பாலும் இதுதான் நமக்குக் கிடைப்பது. இரண்டாவது, சத்தம் தானாக இளைத்து, தட்டுகள் ஒவ்வொன்றாகக் காதில் தனித்தனியே விழ ஆரம்பித்து அணைவது. மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. உருட்டல் திடீரென்று தளர்கிறது. தளர்ந்த தட்டுகள் குமிழ் குமிழாக, பானைக்குள் தண்ணீர் மொண்ட மாதிரி, ஒரு வகைச் சிரிப்பாக உருள்கின்றன. அந்தக் கடைசிக் குமிழ் காற்றில் இருக்கும்போதே பறவை கிளையை விட்டுவிட்டது. இருட்டில் சிறகு அறைகிற சத்தம்: டப், டப். பெரும்பாலும் பெட்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்கக் கொடுத்துவைத்தால், சிறகு நுனியில் ஆணுக்கு மட்டும் உள்ள வெள்ளைப் பொட்டுகள் ஒரு கணம் தெரியும்.

அப்பா பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரம் சும்மா ஓடும். ஓடி, இளைத்து, கடகடவென்று நாலு சுற்று தனியாகச் சுற்றி நிற்பதற்குள் கத்தரிக்கோல் நூலை நறுக்கும் சத்தம் வந்துவிடும். ஒரு சட்டை முடிந்தது என்று தூக்கத்திலேயே தெரியும். மூன்றாவது வித முடிவு அதேதான். எனக்கு இதில் பாரபட்சம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு முழு சீசனில் அதிகபட்சம் நான்கு முறைதான் முழுசாகக் கேட்டிருக்கிறேன்.

கில்பர்ட் ஒயிட் இதற்கு நெருங்கி வந்தவர். பக்கத்து ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார், 1789இல் வெளிவந்த அவர் புத்தகத்தில் பக்கிக்கு இடம் கொடுத்திருக்கிறார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் மாலைப் பீரங்கி வெடிக்கிற நேரத்துக்குச் சரியாக அது ஆரம்பித்ததைக் குறித்திருக்கிறார். அதாவது அவரும் நோட்டுப் புத்தகக் கட்சிதான். ஆனால் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மலைச் சரிவில் வைக்கோலால் வேய்ந்த ஒரு குடிலில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது பக்கி வந்து அதன் உச்சியில் அமர்ந்து உருட்டியதாம். குடில் முழுக்க அதிர்வதை உள்ளே இருந்தவர்கள் உடம்பில் உணர்ந்தார்களாம். பறவையைக் காதால் கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். முதுகால் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்காக அவருக்குப் பீரங்கியை மன்னித்துவிடலாம்.

இந்தத் துறைமுகத்துப் பறவைக்காரர்களில், விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகின் கட்சிதான் இப்போது ஆளுங்கட்சி. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2017இலிருந்து ஸ்காட்லாந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே வளர்த்துப் பறக்கவிட்டார்கள். ஜோடி வலசையிலிருந்து திரும்பாமல் போக, இரண்டு வசந்தம் தனியாகக் கூட்டைக் காத்துக் கிடந்த சிஜே7 என்ற பெட்டை, 2022இல் ஒரு வழியாகக் குஞ்சு பொரித்தாள். தென் இங்கிலாந்தில் 180 வருஷத்துக்கும் மேலாக நடக்காத காரியம். அன்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் கூட்டுக்கு மேலே கேமரா, கேமராவுக்கு நேரலை. மீன் எத்தனை மணிக்கு வந்தது என்று சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, துறைமுகத்தில் பறவை பார்த்ததாகச் சொல்கிறார்கள். விராலடிப்பான் தண்ணீரில் விழுகிறபோது வருகிற அறை கரையில் நிற்பவனுக்குத்தான் கேட்கும்.

டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவிக் கட்சிக்கு என்னிடம் மரியாதை அதிகம். 1962-63 பனிக்காலம் முடிந்தபோது நாடு முழுவதிலும் பதினொரு ஜோடி அளவுக்கே மிஞ்சியிருந்த குருவி அது. ஆர்ன் தீபகற்பம் சரணாலயமானதில் அதன் பங்கு பெரிது. ஊரை விட்டுப் போகாத பறவை. பனியில் சாகிறதே தவிர ஆப்பிரிக்காவுக்கு ஓடுவதில்லை. கோர்ஸ் உச்சியில் வாலைத் தூக்கிக்கொண்டு, திராட்சைச் சாறு சிந்தின மாதிரி மார்போடு அது தோன்றுகிற இரண்டு விநாடி அழகுதான். பாட்டுத்தான் சகிக்கவில்லை. வெண்கலப் பானையை மணல் போட்டுத் தேய்க்கிற சத்தம். இதைச் சொன்னதற்காக ஒரு நண்பர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

பிரவுன்சீ தீவின் ஆலாக்களைப் பற்றி ஒரே வரி: சந்தைக்கடை. சந்தைக்கடையும் ஒரு அழகு, பகலில்.

ஹீத் என்று இங்கே சொல்கிற இந்தப் புதர்க்காட்டின் கதையை நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். தாமஸ் ஹார்டி 1878இல் எக்டன் ஹீத் என்று பெயர் மாற்றி எழுதிய நிலம் இதுதான். 1811இல் சுமார் 30,000 ஹெக்டேர் இருந்த டார்செட் ஹீத், 1960இல் 10,000 ஆனதை நார்மன் மூர் என்ற அறிஞர் அளந்து காட்டினார். அதற்குப் பிறகும் சுருங்கியது. வயலானது, வீடானது, பைன் தோப்பானது. பைனைத் திட்டாத பறவைக்காரர் இங்கே கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வேரம் பக்கம் பைன் வெட்டி விற்ற வெட்டவெளிகளில்தான் பக்கி புதுசாகக் குடியேறியது. 1981இல் பிரிட்டன் முழுவதும் சுமார் 2100 ஆண் பக்கிகள் என்று எண்ணினார்கள், 2004இல் 4600. வெறும் மண்ணில் இரண்டு முட்டை வைத்துவிட்டு, சருகோடு சருகாகப் படுத்திருக்கிற பறவைக்கு மரம் எதற்கு, வெட்டின மரத்தின் இடம் போதும்.

ஆகவே பக்கி குறைந்துவிட்டது என்று நான் புலம்பப் போவதில்லை. குறைந்தது கேட்கிற காது.

என்னை முதன்முதலில் ஹீத்துக்குக் கூட்டிப்போனவர் படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர். அவரிடம் பைனாகுலர் கிடையாது. சாக்கு ஒன்றை விரித்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் வாய் திறக்க மாட்டார். பக்கி தலையை அந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் தள்ளிப்போன மாதிரி இருக்கும், இந்தப் பக்கம் திருப்பினால் காலடியில் கேட்கும். அது எங்கே இருக்கிறது என்று நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தார். அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பாடம்.

இப்போது வழிகாட்டி நடை என்று கூட்டமாக வருகிறார்கள். வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினால் போட்டி ஆண் என்று நினைத்துப் பக்கி வந்து தலைக்கு மேலே சுற்றும். பழைய தந்திரம், எப்போதாவது ஒரு முறை செய்தால் பாவம் இல்லை. ஒரு நடையில் கைக்குட்டைக்குப் பதில் போனில் பதிவுசெய்த பாட்டையே போட்டார்கள். பதினேழு பேர் நின்றிருந்தோம். நிஜப் பக்கி வந்தது, சுற்றியது, பதிவோடு மல்லுக்கட்டியது, போய்விட்டது. அன்றிரவு அதற்குப் பிறகு அது பாடவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் காசு கொடுத்துத்தான் போயிருந்தேன்.

நாய்களைப் பற்றிப் பேசினால் இந்த நாட்டில் குடியுரிமையைப் பறித்துவிடுவார்கள். ஆனாலும் சொல்கிறேன்: கயிறில்லாத நாய் எழுப்பிவிட்ட பக்கி திரும்பி வருவதற்குள் காகம் முட்டையைப் பார்த்துவிடும். ஹீத்திலிருந்து 400 மீட்டருக்குள் புது வீடு கட்டக்கூடாது என்று டார்செட்டில் விதி வைத்திருப்பது சும்மா இல்லை. 2020 மே மாதம் வேரம் காட்டில் இருநூறு ஹெக்டேர் அளவுக்கு எரிந்ததே, அது பக்கி முட்டை வைக்கிற மாதம். எரிந்த இடத்தில் கிடைத்தவை, வெளியில் கறி சுட்டுத் தின்றுவிட்டுத் தூக்கியெறிகிற தகர அடுப்புகள்.

போன ஜூனில் அக்கா மகன் வந்திருந்தான். பெங்களூரில் வேலை, பறவைப் பைத்தியம் இப்போதுதான் பிடித்திருக்கிறது. நம் ஊர்த் தேரிக்காட்டுப் பக்கியை அவனுக்குத் தெரியும். சிமெண்டுத் தரையில் ரப்பர் பந்தைப் போட்டால் துள்ளித் துள்ளி வேகமாகி அடங்குமே, அந்தக் குரல். இரவில் அது கேட்டால் சாக்குருவி என்று ஆச்சி எங்கள் வாயைப் பொத்துவாள். இது வேறு, வந்து கேள் என்று ஸ்டட்லண்டை ஒட்டிய காட்லிங்ஸ்டன் ஹீத்துக்குக் கூட்டிப்போனேன். குறுங்கொசு பிடுங்கியது. ஒன்பதே முக்கால் தாண்டி, கறுத்துப்போன ஒரு பைனின் மொட்டைக் கிளையில் ஆரம்பித்தது. கிளைக்குக் குறுக்கே இல்லை, நெடுக்கே படுத்திருந்தது. கிளையில் ஒரு புடைப்பு மாதிரிதான் தெரிந்தது.

“மாமா, செயலி சொல்லிடுச்சு. ஐரோப்பியப் பக்கி.” திரை வெளிச்சத்தில் அவன் முகம் நீலமாக இருந்தது.

“சரிடா. பேசாம இரு.”

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு காலில் கொசு கடித்த இடத்தைச் சொறிய ஆரம்பித்தான். பக்கி விடவில்லை. ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம். மேல் சுருதி, கீழ் சுருதி, இம்மி பிசகவில்லை. பிறகு தளர்ந்தது. குமிழ் உருண்டது. சிறகு இரண்டு தரம் அறைந்தது. வெள்ளைப் பொட்டு ஹெதர் புதர் மேலே தாழப் போய் மறைந்தது. அந்த வருஷத்தின் முதல் முத்தாய்ப்பு. என்ன சொல்லப் போகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். குனிந்து சொறிந்துகொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் சங்கிலிப் படகுக்கு வரிசையில் நிற்கும்போது காருக்குள் பதிவைப் போட்டுக் காட்டினான். நாற்பது விநாடி. சுத்தமான பதிவு, காற்றுச் சத்தம்கூட இல்லை. நாற்பதாவது விநாடியில் பாதித் தட்டில் நின்றது.

“எப்படி மாமா?”

“நல்லா இருக்கு” என்றேன். படகு வந்துவிட்டது.