வினா யாருடையது?

சிறுவரும் ஆராய்ச்சியாளரே என்னும் கொள்கை இந்நாளில் கல்வியுலகிற் பேசப்படுகிறது. பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் சிறுவர் ஆராய்ச்சி நடுவத்தைத் தோற்றுவித்த மேரி கெல்லட், ஆராய்ச்சிக்குத் தடை வயதன்று, பயிற்சியின்மையே என்பார். முறையைக் கற்பித்தபின் ஆராய்ச்சியைச் சிறுவரிடமே ஒப்புவிக்க வேண்டும் என்பது அவர் துணிபு.

இக்கருத்துப் போற்றத்தக்கதே, ஆயினும் முழுமையன்று. முறையறிந்த மாணவன் ஆசிரியர் தந்த வினாவிற்கே விடை தேடுவானாயின், அவன் உதவியாளனேயன்றி ஆராய்ச்சியாளன் அல்லன். மாணாக்கரை வகுத்த நன்னூலார், சொன்னதைச் சொல்லும் கிளியை இடைநிலையில் வைத்தார். பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்தைத் தலைநிலையில் வைத்தார்.

1992-இல் ரோஜர் ஹார்ட், யூனிசெப் வெளியிட்ட நூலில், சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். ஆட்டுவித்தல், அணியாக நிறுத்தல், பெயருக்குச் சேர்த்தல் என்னும் கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே ஆகா என்றார். பெற்றோர் ஒட்டிய அட்டையுடனும் ஆசிரியர் எழுதிய உரையுடனும் கண்காட்சியில் நிற்கும் மாணவன் எப்படியில் நிற்கிறான் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்தியாவில் 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு வேறு வழி காட்டிற்று. பொதுத் தலைப்பைப் பெரியோர் வகுத்தனர்; அதனுள் தம் ஊர்ச் சிக்கலொன்றை 10 முதல் 17 வயதுச் சிறுவர் குழுவாகக் கூடி ஆராய்ந்தனர். தமிழ்நாட்டில் அப்பணியைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மேற்கொண்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இதற்கு இடமுண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கிற்று. எந்தக் கால்வாய் முதலில் நிரம்பியது? எவ்வீட்டுச் சுவரில் நீர் எவ்வளவு உயர்ந்தது? நடக்கவியலாத முதியோரை யார் தூக்கிச் சென்றனர்? இவை அங்குள்ள சிறுவர் கேட்கக்கூடியவை. அளவு நாடாவும் ஏடும் போதும். துயருற்றோரை எவ்வாறு வினவுவது என்பதைக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.

மலேசியா 1995-இல் ஏற்ற சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 13-ஆம் விதி, செய்தியைத் தேடவும் பெறவும் பரப்பவும் சிறுவருக்குள்ள உரிமையைக் கூறும். அவ்விதிக்கு வைத்திருந்த விலக்கை நாடு 2010-இல் நீக்கிக்கொண்டது. எஞ்சிய தடை வகுப்பறையில் உள்ளது. மாணவன் வினாவை முடிக்குமுன் திருத்திவிடும் ஆசிரியர் பரிவே அது. குறையுள்ள வினாவையும் சில நாள் அவன் கையில் விட்டுவைக்கத் துணிவோமாயின், அக்குறையை அவனே கண்டு சொல்வான். ஆராய்ச்சி அங்கே தொடங்கும்.