பிழைத்த சிறுவன்

கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய அவிநாசி, பண்டு திருப்புக்கொளியூர் என வழங்கியது. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்ட தலம் இஃது என்பதைத் தமிழுலகம் நன்கறியும். ஆயின், அச்சிறுவனோடு நீராடச் சென்று உயிருடன் கரையேறிய தோழனைப் பற்றி ஆராய்ந்தோர் அரியர். உடன் வந்தானைக் காக்கமாட்டாது தான் மட்டும் பிழைத்தவன் நிலையைச் சேக்கிழார் எங்ஙனம் நோக்கினார் என்பதை ஈண்டுக் காண்போம்.

வெள்ளானைச் சருக்கத்தில் இவ்வரலாறு வருகின்றது. தம் தோழராகிய சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் சுந்தரர், அந்தணர் வீதியில் ஒரு மனையில் மங்கல ஒலியும் எதிர்மனையில் அழுகை ஒலியும் எழக் கேட்கின்றார். ஐந்து வயதில் இருவர் நீராடச் சென்றதும், ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு இன்று பூணூல் அணியும் சடங்கு நிகழ்வதும் அவருக்கு உரைக்கப்படுகின்றன.

இங்கே பிழைத்த சிறுவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவனைக் குற்றம் கூறுவாரும் இலர், தேற்றுவாரும் இலர். எனினும், அவன் அடையும் ஒவ்வொரு பேறும் எதிர்மனையின் இழப்பை அளந்து காட்டுகின்றது. பிழைத்தோர் நெஞ்சைப் பிற்காலத்தும் வருத்துவது இவ்வளவைதான். அவன் உள்ளத்துள் புகாமலே, இரண்டு ஒலிகளை எதிரெதிர் நிறுத்தி அந்நிலையை நமக்கு உணர்த்துகின்றார் சேக்கிழார்.

ஏழாம் திருமுறையின் 92ஆம் பதிகம் இதற்கு ஒளி தருகின்றது. அதன் இரண்டாம் பாடல், வழிச்செல்வாருடன் கூடி வந்த மாணி பிரிந்தொழிதல் தகுமோ என்னும் கருத்துடையது. சேக்கிழார் விரித்த இருவர் தோழமைக்கு இதுவே வித்தாகலாம் எனக் கருதுகின்றோம். நான்காம் பாடல், பிள்ளையைத் தருமாறு முதலைக்கும் காலனுக்கும் ஆணையிட இறைவனை வேண்டுகின்றது. வல்லமை எங்குளதோ அங்கேயே வினா எழுப்பப்படுகின்றது. ஐந்து வயதுப் பாலகனிடம் எவரும் விடை கேட்டிலர். தன்னைத் தானே பொறுத்துக்கொள்ளுதற்கு முதற்படி, தன் ஆற்றலின் எல்லையை உணர்தலே அன்றோ!

இனி, கபிலரை நோக்குவோம். பாரி மாய்ந்தபின், தம்மை உடன்வர விடாது நிறுத்திச் சென்ற நண்பனைப் புறநானூற்று 236ஆம் பாட்டில் அவர் நொந்து கொள்கின்றார். ஆயினும், பாரி மகளிர்க்கு மணம் வேண்டி வேந்தரிடம் சென்றமையை 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகள் காட்டுகின்றன. துயரும் கடனும் அவரிடத்து ஒருங்கே நின்றன. கடன் முடித்தபின் அவர் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்பது வழக்கு. கடன் முடித்தும் தம்மைப் பொறுத்துக்கொள்ள இயலாத நெஞ்சம் அது.

அவிநாசியில் முடிவு வேறு. மீண்ட சிறுவனுக்குச் சுந்தரரே பூணூல் சடங்கினை நிறைவேற்றிய பின்னரே சேரமானிடம் செல்கின்றார். மகன் உயிர் பெற்றதோடு வரலாற்றை நிறுத்தாமல், தோழன் பெற்ற பேற்றை இவனும் பெறச் செய்கின்றார் சேக்கிழார். இரு மனைகளும் நிகராயின. பிழைத்தவன் தன் மங்கலத்தை நாணாது ஏற்கும் நிலை அப்பொழுதே பிறந்தது. இழந்தவரை மீளப் பெறும் அற்புதம் யாவர்க்கும் வாய்ப்பதன்று. எதிர்மனை அழுகைக்குச் செவி சாய்த்து, எஞ்சிய கடனை ஆற்றுதலோ யாவர்க்கும் இயல்வதாம். இதுவே இப்பகுதியால் நாம் பெறும் துணிபு.